மெர்லயனை வரைந்தவரும் அங்கிள் வீட்டு ஏஞ்சலும்

ரொம்ப நாளாச்சு இங்கே எழுதி. டெசர்டேஷன், பார்ட்டைம் வேலை, மிச்ச நேரத்தில் தூக்கம் என்று வழக்கமான சால்ஜாப்புகள்தான். இன்னிக்கு உட்கார வைத்தது ஒரு மீன். "கோயமுத்தூர்க்காரனுக்கும் கடல் மீனுக்கும் என்னடா சம்பந்தம்"னு கேட்கிற நண்பர்களுக்கு: வாஸ்தவம். போத்தனூரில் வளர்ந்தவனுக்கு மீன் என்றால் அது குழம்பில்தான் நீந்தும். ஆனா போத்தனூருக்கும் இந்த மீனுக்கும் ஒரு சம்பந்தம் இருக்கு. கடைசி வரைக்கும் படிங்க, சொல்றேன் :-)

சிங்கப்பூரில் நான் இருப்பது ஈசூனில் ஒரு ஹெச்டிபி வீட்டில், ஒரு ரூம் வாடகைக்கு. வீட்டுக்கார அங்கிள் ரிட்டயர் ஆனவர். ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் மூணு அடி நீளத்துக்கு ஒரு உப்புத்தண்ணி டேங்க். நான் குடி வந்த அதே மாதம் கடையிலிருந்து ஒரு குட்டி மீன் வாங்கி வந்தார். என் சுண்டுவிரல் நீளம். கருநீல உடம்பு, அதில் வால் பக்கத்தை மையமா வச்சு வெள்ளையும் வெளிர் நீலமுமா வட்டம் வட்டமா கோடுகள். குளத்தில் கல் எறிஞ்ச மாதிரி. ஆன்ட்டி அதுக்கு வெச்ச பேரு "குட்டி".

ரெண்டு வாரம் கழிச்சு அங்கிள் போனில் ஒரு படத்தைக் காட்டினார். "தம்பி, அடுத்து இந்த மீனுதான். கடையில சொல்லி வச்சிருக்கேன். குட்டிக்கு ஜோடியா வேற கலர்ல ஒன்னு இருந்தா நல்லா இருக்கும்ல?" படத்தில் இருந்தது மஞ்சளும் நீலமுமா நெடுக்க வரி ஓடுகிற, கண்ணுக்குக் கறுப்பு முகமூடி போட்ட ஒரு பெரிய மீன். எம்பரர் ஏஞ்சல். எனக்கும் ஒன்னும் தெரியாது. சும்மா விலை பார்க்கலாம்னு தேடினப்பதான் தூக்கி வாரிப் போட்டது. குட்டியும் அதுவும் ஒரே மீன். குட்டி வளர்ந்தால் அதுதான்! இரண்டையும் மூணு அடித் தொட்டியில் போட்டால் என்ன ஆகும் என்று பலர் நொந்து எழுதியிருந்தார்கள்.

அங்கிள் நம்பவே இல்லை. "கடைக்காரன் இது சின்னதாவே இருக்கும்னு சொன்னான் தம்பி." அவரை நம்ப வைக்கத்தான் நூலகத்துக்குப் போனேன். போன இடத்தில் மாட்டிக்கிட்டேன். (டெசர்டேஷன் தாமதத்துக்கு இதுவும் ஒரு காரணம். என் கைடு தமிழ் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் சொல்றேன்.)

முதலில் ஒரு விளக்கம். நம்ம ஊரில் ஏஞ்சல் என்றால் சென்னை கொளத்தூர்க் கடைகளில் விற்கும், முக்கோணமா செட்டை விரிச்ச நன்னீர் மீன்தான் நினைவுக்கு வரும். அது அமேசான் பக்கத்து ஆற்று மீன், வேற குடும்பம். நான் சொல்வது பவளப்பாறைகளில் வாழும் கடல் ஏஞ்சல். சுமார் 90 இனங்கள். கன்னத்தில் செவுள் மூடிக்குக் கீழே ஒரு முள் நீட்டிக்கிட்டு இருக்கும். வலையில் அள்ளினால் முதலில் சிக்குவது அதுதான். பட்டாம்பூச்சி மீன்களும் இவையும் ஒரே குடும்பம் என்றுதான் 1970கள் வரை பலர் எழுதி வந்தார்கள். அந்த முள் பட்டாம்பூச்சி மீனுக்குக் கிடையாது.

இப்ப கதைக்கு வருவோம். 1719இல் ஆம்ஸ்டர்டாமில் லூயி ரெனார் என்பவர் ஒரு வண்ணப் படப்புத்தகம் போட்டார். இந்தோனேசியாவின் அம்போன் தீவில் இருந்த சாமுவேல் ஃபல்லூர்ஸ் என்ற ஓவியர் வரைந்த மீன்கள். ஏஞ்சல் வகைகளும் உண்டு. ஐரோப்பாவில் சாம்பல் நிற மீனையே தின்று பழகியவர்களுக்கு அந்த மஞ்சளும் நீலமும் கட்டுக்கதையாகப் பட்டதில் ஆச்சரியம் இல்லை. போதாக்குறைக்கு அதே புத்தகத்தில் ஒரு கடல்கன்னியையும் வரைந்து வைத்திருந்தார் மனுசன். பிறகு யார் நம்புவார்கள்?

எம்பரர் ஏஞ்சலுக்கு முறையான அறிவியல் பெயர் கிடைத்தது 1787இல். வைத்தவர் பெர்லினில் மருத்துவராக இருந்த மார்க்கஸ் எலீசர் ப்ளோக். ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தவர், ஐம்பதை ஒட்டிய வயதில் மீன் ஆராய்ச்சியில் இறங்கி, 432 வண்ணப் படங்களோடு பன்னிரண்டு பாகம் எழுதி முடித்தார். பெர்லினில் உட்கார்ந்துகிட்டு வெப்பமண்டல மீன் எப்படிக் கிடைக்கும்? அனுப்பி வைக்க ஆள் வேணும். அவருக்கு மீன் அனுப்பியவர்களில் முக்கியமான ஒருவர் நம்ம தரங்கம்பாடியில் இருந்த மிஷனரி கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான். 1771இல் வந்து 1813இல் இறக்கும் வரை அங்கேயே இருந்தவர். தரங்கம்பாடி மீனவர் வலையில் விழுந்தது சாராயத்தில் ஊறியோ காய்ந்த தோலாகவோ கப்பலேறி பெர்லின் போனது. நன்றிக்கு அடையாளமாக ஒரு மீன் பேரினத்துக்கே ஜோனியஸ் என்று பெயர் வைத்தார் ப்ளோக். ஜான் அனுப்பிய பெட்டியில் எம்பரர் இருந்ததா என்பதல்ல விஷயம். மீன் எந்த நிலைமையில் மேசைக்கு வந்து சேர்ந்தது என்பதுதான் விஷயம்.

ஏன்னா, 1799இல் ப்ளோக் இறந்த பிறகு அவர் விட்டுப்போன குறிப்புகளை ஷ்னைடர் என்ற அறிஞர் 1801இல் புத்தகமாக்கினார். அதில் நிக்கோபார் தீவின் பெயரோடு ஒரு புது மீன் வருகிறது: வெள்ளை வட்டங்கள் போட்ட நீல மீன். அதாவது எங்க வீட்டுக் குட்டி! அப்பனுக்கு 1787இல் ஒரு பெயர், பிள்ளைக்கு 1801இல் வேறொரு பெயர், இரண்டும் ஒரே ப்ளோக்கின் கணக்கில். இரண்டு பெயரும் ரொம்ப காலத்துக்கு நூல்களில் தனித்தனியாகத்தான் ஓடின.

சிரிக்க வேண்டாம். அங்கிள் செய்ததும் அதையேதான். செத்த மீனில் நிறம் போயிடும், கோடு மட்டும் மிஞ்சும். இந்தக் கோடு அந்தக் கோடாக மாறும் என்று சொல்ல, ரெண்டுக்கும் நடுவில் இருக்கிற மாதிரி கிடைக்க வேண்டும், இல்லைன்னா ஒருத்தன் ஒரே மீனை மாசக்கணக்கில் உயிரோடு வச்சுப் பார்த்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் அதுக்கு வழியே இல்லை.

ஏஞ்சல் மீன்கள் அத்தனையையும் மறுபடி அலசி ஒழுங்குபடுத்தி 1933இல் லண்டன் விலங்கியல் சங்க இதழில் ஒரு நீண்ட ஆய்வு வந்தது. எழுதியவர் அலெக் ஃப்ரேசர்-ப்ரன்னர். எங்கேயோ கேட்ட பேரா இருக்கேன்னு யோசிச்சேன். நம்ம மெர்லயன்! சிங்கத் தலை, மீன் உடம்பு. 1964இல் சிங்கப்பூர் சுற்றுலாத் துறைக்காக அந்தச் சின்னத்தை வரைந்தவர் இதே ஆள்தான். அப்போது இங்கே வான் க்ளீஃப் மீன் காட்சிசாலையின் பொறுப்பாளராக இருந்தார். 1972இல் சிலையைச் செதுக்கியவர் வேறு, லிம் நாங் செங். ஆனா உருவம் பிறந்தது ஒரு ஏஞ்சல் மீன் நிபுணர் கையில். கடல்கன்னியில் தொடங்கின கதை கடல்சிங்கத்தில் வந்து நிக்குது பாருங்க. தினமும் எத்தனை பேர் அதன் முன்னாடி நின்னு வாயைத் திறந்து தண்ணி குடிக்கிற மாதிரி போட்டோ எடுக்கறாங்க. (நானும் எடுத்தேன். வீட்டுக்கு அனுப்பினேன். அம்மா ஃப்ரேம் போட்டு வச்சிருக்காங்க.)

இதை அங்கிளிடம் சொன்னதும் மனுசன் முகமே மாறிடுச்சு. "வான் க்ளீஃபா? ஃபோர்ட் கேனிங் அடிவாரத்துல. எங்கப்பா ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போவாரு." ஒரு டச்சுக்காரர் நகரத்துக்கு எழுதி வைத்த சொத்தில் 1955இல் திறந்தது. 1996இல் மூடினார்கள், பிறகு இடித்துவிட்டார்கள். அங்கிளுக்கு டேங்க் ஆசை வந்ததே அங்கேதானாம். அன்னிக்குத்தான் பெரிய மீன் வாங்கும் திட்டத்தைக் கைவிட்டார். நான் சொன்ன அறிவியலுக்காக இல்லை, மெர்லயனுக்காக :-)

சரி, உயிரோடு வைப்பது எப்போது சாத்தியமாச்சு? கண்ணாடித் தொட்டிக்கு அக்வேரியம் என்ற பெயரைப் பிரபலமாக்கியது ஃபிலிப் கோஸ் 1854இல் எழுதிய புத்தகம். அதற்கு முந்தைய வருடமே லண்டன் விலங்குக் காட்சிசாலையில் பொதுமக்களுக்கு ஒன்று திறந்துவிட்டார்கள். நம்ம சென்னையும் சளைத்ததில்லை. 1909இல் மெரினா கடற்கரையில் கடல்மீன் காட்சிசாலை இருந்தது. கடல் எதிரிலேயே இருந்ததால் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மூடினார்கள்.

ஆனால் வீட்டு ஹாலுக்குள் ஒரு பவளப்பாறை மீனை வைக்கிறது வேற சமாச்சாரம். கடலிலிருந்து தூரமா இருக்கிறவன் என்ன செய்வான்? தண்ணீரைக் குழாயில் பிடிக்க முடியாதே. 1961இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் ஒரு அமெரிக்க மீன் இதழில் தன் முறையை எழுதினார்: உயிருள்ள பாறை, பவளம், வெயில், மெல்லிய காற்றுக்குமிழி, அவ்வளவுதான். மேற்கே வெளுத்த பவளக் கூட்டைப் பூஞ்சாடி மாதிரி அடுக்கி, அடிக்கடி எடுத்துக் கழுவிக்கிட்டு இருந்த காலம் அது. கழுவக் கழுவ மீன் செத்தது. 1960களின் நடுவில் அமெரிக்காவில் செயற்கைக் கடலுப்பு பாக்கெட்டில் விற்பனைக்கு வந்தது. மீனின் கழிவில் வரும் அம்மோனியாவைப் பாறையிலும் மணலிலும் இருக்கிற பாக்டீரியா தின்று, நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கும், அந்தப் படை உருவாக வாரக்கணக்கில் ஆகும் என்பதை 1970இல் ஸ்டீபன் ஸ்பாட் தன் புத்தகத்தில் மீன் வளர்ப்பவர்களுக்குப் புரியும்படி எழுதினார். லீ செஞ்சது ஏன் வேலை செஞ்சதுன்னு அதை வச்சுப் பார்த்தால் புரியும். அவர் பாறையோடு சேர்த்து அந்தப் படையையும் கொண்டு வந்துட்டார்.

இந்தப் பக்கம் இப்படி வளர, மறுபக்கம் ஒரு அசிங்கமும் வளர்ந்தது. ஆசை பெருகினதும் பிடிக்கிற வேகமும் பெருகணுமே. 1960களில் பிலிப்பைன்ஸில் சோடியம் சயனைடைக் கரைத்துப் பாறை இடுக்கில் பீய்ச்சி, மயங்கி வரும் மீனை அள்ளும் பழக்கம் தொடங்கியது. 1975இல் அங்கே சட்டம் போட்டுத் தடுத்தும் நின்றபாடில்லை. அந்த மீன் கடையில் நல்லா இருக்கும், வீட்டுக்கு வந்து சில வாரத்தில் சும்மா சாகும். வாங்கினவன் தன் வளர்ப்பில்தான் ஏதோ தப்புன்னு நினைச்சுக்கிட்டு இன்னொன்னு வாங்குவான். ஏஞ்சல் வளர்ப்பது ரொம்பக் கஷ்டம் என்ற பெயரில் பாதி இப்படி வந்த பெயராகத்தான் இருக்கணும் என்பது என் சந்தேகம். மீதிப் பாதி சாப்பாட்டால். பெரிய ஏஞ்சல்கள் கடலில் கடற்பஞ்சைக் கடித்துத் தின்பவை. சிலது தொட்டியில் பாக்கெட் தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பட்டினி கிடந்தே போயிடும்.

குட்டியும் முதல் நாலு நாள் எதையும் தொடவில்லை. அங்கிளும் ஆன்ட்டியும் தமிழ்நாட்டுக்குக் கோயில் யாத்திரை போயிருந்த மூணு வாரத்தில் என் பொறுப்பில் இருந்தபோதும் ஒரு தடவை சாப்பாட்டை நிறுத்திக்கொண்டது. எனக்கு எக்ஸாமுக்குக்கூட அப்படி வயிறு கலங்கியதில்லை. சுஷி சுற்றுகிற கடற்பாசித் தாளை உப்பு, மசாலா இல்லாததாகப் பார்த்து வாங்கி, ஒரு கல்லில் ரப்பர் பேண்டால் கட்டி உள்ளே இறக்கினேன். ராத்திரி ரெண்டு மணிக்கு எட்டிப் பார்த்தால் ஓரமெல்லாம் கடிச்ச தடம். அந்நேரத்தில் ஒரு ஹெச்டிபி ஹாலில் ஒருத்தன் தனியா குதிச்சதை யாரும் பார்க்கலை. (இங்கே ஹீட்டர் தேவையில்லை, குளிரூட்டும் சில்லர்தான் வேணும். 26 டிகிரியில் வைக்கப் பாடுபட்டால் கரண்ட் பில் 40 டிகிரிக்குக் கொதிக்கும்.)

குட்டிக்கு ஏன் வேற சட்டை? இந்தக் கேள்விதான் என்னை ரொம்ப நாள் பிடிச்சு வச்சிருந்தது. 1963இல் கொன்ராட் லோரன்ஸ் ஆக்ரோஷத்தைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற புத்தகம் பவளப்பாறை மீன்களிலிருந்துதான் தொடங்குகிறது. இந்த மீன்களின் நிறம் சுவரொட்டி மாதிரி: 'இது என் இடம், என் இனத்தான் வெளியே போ'. தன்னைப் போலவே இருப்பவனைத்தான் அது அதிகம் விரட்டும் என்றார். எல்லா மீனுக்கும் இது பொருந்தவில்லை என்று பிறகு வந்தவர்கள் காட்டினார்கள். (அவருடைய நாஜிக் கட்சித் தொடர்பு தனிக்கதை, அதை விட்டுட்டும் அவரைப் படிக்க முடியாது.) ஆனால் எம்பரர் விஷயத்தில் அந்த யோசனைக்கு உயிர் இருந்தது. ஹான்ஸ் ஃப்ரிக்கே என்ற ஜெர்மன் ஆய்வாளர் பொம்மை மீன்களை வைத்துச் சோதித்து 1980இல் எழுதினார். பெரிய மீனின் வரி போட்ட பொம்மை வந்தால் இடத்துக்காரன் பாய்கிறான். வட்டம் போட்ட பொம்மைக்கு அந்த அளவு வரவேற்பு இல்லை. ஆக அந்த வெள்ளை வட்டங்கள் ஒரு மாதிரி பால்குடி அடையாளம். 'நான் இன்னும் உனக்குப் போட்டி இல்லை, இந்தப் பாறையில் ஓரமா இருந்துக்கிறேன்' என்ற சீட்டு. ப்ளோக்கையும் அங்கிளையும் ஏமாத்தினது சும்மா இல்லை, சொந்த இனத்தானையே ஏமாத்தறதுக்காக வந்த வேஷம் அது!

வேஷம் எப்படி மாறுது என்பதற்கு விடை ஜப்பானில் கிடைத்தது. 1952இல் ஆலன் டூரிங் (ஆமா, கம்ப்யூட்டர் டூரிங்தான்) இரண்டு வேதிப்பொருள்கள் ஒன்றை ஒன்று தூண்டியும் தடுத்தும் பரவினாலே வரி, புள்ளி எல்லாம் தானாக உருவாகலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 1954இல் இறந்துவிட்டார். உயிரியல்காரர்கள் பலர் 'கணக்கு அழகு, உயிருக்கு ஒத்துவராது' என்று ஒதுக்கினார்கள். ஷிகேரு கொண்டோ, ஆசாய் இருவரும் ஏஞ்சல் மீன்களைத் தொட்டியில் வளர்த்து, மாதக்கணக்கில் படம் எடுத்து, 1995இல் நேச்சர் இதழில் போட்டார்கள். மீன் வளரும்போது வரி அகலமாகவில்லை. வரிகளின் இடைவெளி அப்படியே இருந்தது, எண்ணிக்கை கூடியது. ஒரு வரி இரண்டாகப் பிளக்கும் இடம் ஜிப்பைத் திறக்கிற மாதிரி உடம்பில் மெல்ல நகர்ந்தது, டூரிங் கணக்கு சொன்னபடியே. அதாவது வரி என்பது போட்டு முடித்த கோலம் இல்லை. உயிர் இருக்கும்வரை யாரோ போட்டுக்கொண்டே இருக்கும் கோலம். சாராயத்தில் ஊறின மீனில் இதை எந்த ஜென்மத்திலும் பார்த்திருக்க முடியாது.

அந்த போத்தனூர் சம்பந்தம்? டூரிங்கின் அம்மா ஈதெல் சாரா ஸ்டோனி பிறந்தது எங்க போத்தனூரில். தாத்தா சென்னை ரயில்வேயின் எஞ்சினியர். அவ்வளவுதான். எங்க ஊருக்குப் பெருமை சேர்க்க ஏதாவது கிடைச்சா விடமாட்டோம் :-)

குட்டிக்கும் மாற ஆரம்பித்தது. பத்து மாசம் இருக்கும். முதலில் வால் பக்கம் மஞ்சள் மாதிரி ஒரு தோற்றம். ஆன்ட்டி "ஏதோ சீக்கு"ன்னு பயந்தாங்க. பிறகு வட்டங்கள் அறுந்து, சாய்ந்து, நேராகி... கொஞ்ச நாள் பார்க்கவே பரிதாபமா இருந்தது, பதிமூணு வயசுப் பையன் மீசை மாதிரி. சட்டையோடு குணமும் மாறியது. அதுவரை ஓரமா இருந்தது, கோமாளி மீன் இரண்டையும் ஒரு மூலைக்கு விரட்டிவிட்டது. தீனி போடக் கை நீட்டினால் கண்ணாடிக்குள்ளிருந்து 'டொக்'கென்று ஒரு சத்தம். ஏஞ்சல்கள் மிரட்டும்போது இப்படி ஒலி எழுப்பும்.

40 செண்டிமீட்டர் வரை வளரக்கூடிய மீன். மூணு அடித் தொட்டி. கணக்கு எங்களுக்கும் புரிந்தது, அங்கிளுக்குத்தான் மனசு வரவில்லை. கடலில் விட்டுடலாமா என்றும் யோசித்தார். தொட்டியில் இருந்த மீன் எந்த நோயைக் கொண்டுபோகும் என்று தெரியாது, அதைச் செய்யக் கூடாது என்று தடுத்தேன். கடைசியில் அவருடைய பழைய ஆபீஸ் நண்பர் வீட்டில் ஆறு அடித் தொட்டி, 680 லிட்டர். இதே இனத்தில் வேறு மீன் அங்கே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வலையில் வேண்டாம், கன்னத்து முள் மாட்டும் என்று ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஓட்டிப் பிடித்து, டாக்ஸியில் மடியில் வைத்துக் கொண்டு போனோம். வழியெல்லாம் அங்கிள் பேசவில்லை.

போன மாதம் பார்க்கப் போனோம். நெடுக்க மஞ்சள் வரி, கறுப்பு முகமூடி, தொட்டி முழுக்கத் தன் இடம் என்ற நடை. அங்கிள் கண்ணாடிகிட்டே குனிந்து ரொம்ப நேரம் தேடினார். "இது இல்ல தம்பி. நம்ம குட்டி எங்க இருக்கு?"

என் போனில் மாசா மாசம் எடுத்த படங்களை ஒவ்வொன்னா தள்ளிக் காட்டினேன். நாலாவது படத்தில் கையைப் பிடிச்சு நிறுத்தச் சொன்னார்.

பி.கு: வாங்க ஆசைப்படுறவங்க மெயில் போடாதீங்க, இங்கேயே சொல்லிடறேன். நாலு அடிக்குக் குறைஞ்ச தொட்டின்னா பெரிய ஏஞ்சல் பக்கமே போகாதீங்க. கோரல் பியூட்டி மாதிரி குள்ள ஏஞ்சல்கள் விரல் நீளம்தான் வளரும், பாறையில் இருக்கிற பாசியை மேயும். தொட்டி ஓடத் தொடங்கி சில மாதமாவது ஆகியிருக்கட்டும். கடையில் உங்கள் கண் முன்னாடி தீனி தின்னால் மட்டும் வாங்குங்க. இவை பெண்ணாகப் பிறந்து, கூட்டத்தில் ஆண் இல்லாமல் போனால் பெரிய பெண் ஆணாக மாறும் ரகம். அந்தக் கதைக்கு இன்னொரு நாள். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான முட்டை, அதிலிருந்து வரும் குஞ்சின் வாய்க்கு ஏத்த தீனி கிடைக்காமல்தான் இத்தனை காலம் இவற்றைப் பண்ணையில் பொரிக்க முடியவில்லை. 2000களின் தொடக்கத்தில் ஹவாயில் ஃப்ராங்க் பேன்ஷ் குள்ள ஏஞ்சல்களை வளர்த்துக் காட்டினார். பிறகு பாலியிலும் செய்கிறார்கள். பண்ணையில் பிறந்ததா என்று கேட்டு வாங்குங்க, விலை கூடத்தான் இருக்கும். அங்கிள் டேங்கில் இப்போ கோமாளி மீன் இரண்டும் மூலையை விட்டு வெளியே வந்தாச்சு.